மின்னணுப் பொருள்களுக்கு ஓர் அஞ்சறைப் பெட்டி

சமையலறையில் தாய் தாளிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? வாணலியில் எண்ணெய் காய்ந்துவிட்டது. கடுகு போடவேண்டிய பதம் இரண்டொரு நொடிதான் நிற்கும். அந்த நொடியில் அவருடைய கண் வாணலியை விட்டு அகலுவதில்லை. கை மட்டும் அஞ்சறைப் பெட்டிக்குள் சென்று கடுகை எடுத்துவருகிறது. அடுத்து உளுத்தம்பருப்பு, அதன்பின் சீரகம். தேடுதல் இல்லை, திகைத்தலும் இல்லை. ஒரு சாண் அகலமுள்ள அந்தப் பெட்டியில், அடிக்கடி வேண்டிய பொருள்களெல்லாம் கைக்கெட்டும்படி அமைந்திருக்கின்றன. மிகுதிச் சரக்கு மேல்தட்டு டப்பாக்களில் இருக்கிறது. பெட்டியில் குறைந்ததும் அங்கிருந்து நிரப்பிக்கொள்வார்.

மாணவ நண்பர்களே, இன்று நான் பேச வந்தது சமையலைப் பற்றி அன்று. உங்களுள் பலருக்கு மின்னணுவியலில் ஆர்வம் உண்டு. சிறு விளக்கை மின்னவைப்பதும், நீர்த்தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் மணி செய்வதும், பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதும் பயன் மிக்க பொழுதுபோக்குகள். ஆனால், இப்பொழுதுபோக்கிற்கு வேண்டிய பொருள்கள் மிகச் சிறியவை. எண்ணிக்கையில் மிகப் பல. நம் வீடுகளோ பெரும்பாலும் சிறியவை. தனியறை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. கட்டிலுக்கடியில் ஒரு மூலை, அலமாரியில் ஒரு தட்டு, சன்னலோரம் ஒரு முழ இடம் ஆகியவையே மாணவனுக்குக் கிடைக்கும் தொழிற்கூடம். அந்தச் சிறிய இடத்தில் இத்தனை பொருள்களையும் எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இஃது அற்பமான செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். நான் அறிந்தவரை, இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கிக் கைவிட்ட மாணவர்களில் பலர் அறிவு போதாமையால் கைவிடவில்லை. வெட்டிப் போட்ட கம்பித்துண்டு தங்கையின் காலில் குத்திய அன்றோ, பெருக்கும்போது பொறுமையிழந்த தாய் எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் கொட்டிய அன்றோ அவர்களுடைய பொழுதுபோக்கு முடிந்துபோயிற்று. தாயின்மேல் குற்றம் இல்லை. எது பொருள், எது குப்பை என்று அவருக்குத் தெரியும்படி நாம் வைக்கவில்லை.

ஒழுங்கின்மையால் மூன்று இழப்புகள் உண்டாகின்றன. முதலாவது காலம். ஐந்து நிமிட வேலைக்கு அரைமணி நேரம் தேடுகிறோம். இரண்டாவது பணம். இருக்கும் பொருளைக் காணாமல் மீண்டும் வாங்குகிறோம். மூன்றாவது இழப்பே கொடியது. ஒன்றை மற்றொன்றென்று எண்ணி எடுத்துப் பயன்படுத்திவிடுகிறோம். இந்த மூன்றாவதைப் பற்றி என் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். அதில் தவறு என்னுடையது.

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒன்பதாம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன் அறிவியல் கண்காட்சிக்காக நீர்மட்டம் காட்டும் கருவி ஒன்றைச் செய்தான். தொட்டியில் நீர் ஏற ஏற, சிறு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். அவன் தந்தை தையற்காரர். வீடு ஒரே அறை. நூற்கண்டுகள் வைக்கும் பழைய தடுப்புப் பெட்டி ஒன்றைத் தந்தையிடம் கேட்டுவாங்கி, அதில் தன் பொருள்களைப் பிரித்து வைத்திருந்தான். கண்காட்சிக்கு முந்திய இரவு பள்ளியில் கருவியைச் சரிபார்த்து முடித்தோம். அவன் வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தான். மேசையில் மிஞ்சிக் கிடந்த பொருள்களை, மங்கிய விளக்கொளியில் நான் எடுத்து அந்தந்த அறைகளில் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் பேருந்து நெரிசலில் ஒரு விளக்கின் காலும் அதனோடு இணைந்த மின்தடையின் காலும் முறிந்துவிட்டன. பையன் கலங்கவில்லை. பெட்டியில் மாற்றுப் பொருள்கள் இருந்தன அல்லவா? 470 ஓம் என்று எழுதியிருந்த அறையிலிருந்து ஒரு மின்தடையை எடுத்துப் பொருத்தினான். விளக்கு கண்ணைப் பறிக்கும்படி ஒருகணம் ஒளிர்ந்து அணைந்துபோயிற்று. இன்னொரு விளக்கைப் பொருத்தினான். அதுவும் அவ்வாறே போயிற்று. மூன்றாவது விளக்கு அவனிடம் இல்லை. நடுவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், அடுத்த மேசைக்குச் சென்றார்கள்.

நான் அந்த மின்தடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதன் மேலிருந்த வளையங்கள் மஞ்சள், ஊதா, கறுப்பு. அது 470 ஓம் அன்று, 47 ஓம். முன்னிரவில் கறுப்பு வளையத்தைப் பழுப்பு என்று கொண்டு அந்த அறையில் போட்டவன் நானே. அதை அவனிடம் சொன்னேன். "எடுக்கும்போது நானும் பார்த்திருக்க வேண்டும், ஐயா" என்றான். அவ்வளவுதான். அந்த ஆண்டின் கண்காட்சி மீண்டும் வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். மின்கல அடுக்கு 9 வோல்ட், சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சமுள்ள 7 வோல்ட்டை 470 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. இவ்வகைச் சிறு விளக்கு வழக்கமாக 20 மில்லி ஆம்பியர் வரை தாங்கும். அதே 7 வோல்ட்டை 47 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர். விளக்கு எப்படித் தாங்கும்? காணாமற்போன பொருள் நம்மைக் காக்கவைக்கும். இடம் மாறிய பொருளோ நம்மை ஏமாற்றிவிடும். ஒழுங்கில்லாத குவியலில் இருந்து எடுத்திருந்தால் அந்தப் பையன் வளையங்களைப் படித்துப் பார்த்திருப்பான். அறையின் பெயரை நம்பியதால் படிக்கவில்லை. ஆகவே, ஒழுங்குபடுத்துதல் என்பது அழகாக அடுக்குதல் அன்று. பொருளை அறிந்து, அந்த அறிவு தவறாதபடி அதற்குரிய இடத்தில் வைத்தலே ஒழுங்கு.

இனி, அறிவதிலிருந்து தொடங்குவோம். கையிலுள்ள எல்லாவற்றையும் ஒரு பழைய வெள்ளைத் துணியின்மேல் கொட்டுங்கள். முதலில் வகை பிரியுங்கள். மின்தடைகள், மின்தேக்கிகள், டையோடுகள், டிரான்சிஸ்டர்கள், ஐ.சி. எனப்படும் தொகுப்புச் சுற்றுகள், விளக்குகள், பொத்தான்களும் சுவிட்சுகளும், கம்பிகள், கருவிகள் என்று ஒன்பது குவியல்கள் ஆகும். இப்போதே அளவு பார்க்கவேண்டா. வகை பிரித்தபின்புதான் அளவு பிரித்தல்.

இவ்வகைப் பிரிப்பில் நமக்கு வழிகாட்டியாக விளங்குபவர் நம் நாட்டவரே. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். நூலகக் கலை பயில இலண்டன் சென்றபோது, அங்கொரு பெரிய கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட தகடுகள், சக்கரங்கள், தண்டுகள், திருகாணிகள் ஆகிய சில பொருள்களையே மாற்றி மாற்றி இணைத்து விதவிதமான உருக்களை அமைத்துக் காட்டினார்கள். நூல்களையும் இவ்வாறே வகைப்படுத்தலாமே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. ஒரு நூலின் பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்து, அவற்றைக் குறியால் இணைத்து, நூலுக்கு ஓர் எண் தருவதே அவர் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை. விளையாட்டுப் பொருளிலிருந்து நூலகத்திற்கு ஒழுங்கைக் கொண்டுசென்றார் ரங்கநாதன். நாம் அந்த ஒழுங்கை நூலகத்திலிருந்து நம் விளையாட்டுப் பொருள்களுக்குத் திருப்பிக் கொண்டுவருவோம்.

நூலகத்தில் பழைய அட்டைப் பெட்டியைக் கண்டிருப்பீர்கள். ஆயிரக்கணக்கான நூல்களைப் பற்றிய செய்தி, நிமிர்த்தி அடுக்கிய அட்டைகளாகச் சிறு இழுப்பறைகளில் அடங்கியிருக்கும். சிறிய இடத்திற்கு ஏற்ற உத்தி அதுவே. பொருளைப் படுக்கவைத்தால் இடம் செலவாகும், நிற்கவைத்தால் மிச்சமாகும். மின்தடைகளுக்கு விலையுயர்ந்த இழுப்பறைகள் வேண்டா. காலணி வந்த அட்டைப்பெட்டி ஒன்றும், சிறு காகித உறைகளும் போதும். ஓர் அளவுக்கு ஓர் உறை. உறைகளை ஏறுவரிசையில் நிமிர்த்தி அடுக்கி, இடையிடையே தலைநீண்ட அட்டைகளைச் செருகி, நூறுகள், ஆயிரங்கள், பதினாயிரங்கள் என்று எழுதிவையுங்கள்.

எத்தனை உறைகள் வேண்டும்? உலகில் எல்லா அளவிலும் மின்தடைகள் செய்வதில்லை. 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்னும் பன்னிரண்டு எண்களும், அவற்றின் பத்து மடங்கு, நூறு மடங்கு முதலியனவுமே வழக்கில் மிகுதி. இந்த எண்கள் விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அவற்றுள் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் ஏறத்தாழ 1.2 மடங்கு. 10 ஓம் என்று செய்யப்பட்ட மின்தடையில் நூற்றுக்குப் பத்துப் பிழை இருக்கலாம் என்று கொண்டால், அது 9 முதல் 11 வரை எதுவாகவும் இருக்கலாம். அடுத்த 12 ஓம் 10.8 முதல் 13.2 வரை பரவும். இரண்டுக்கும் இடையே வெற்றிடம் இல்லை. ஆகவே நடுவில் 11 என்று ஒன்றைத் தனியே செய்யவேண்டியதும் இல்லை. அனைத்துலக மின்தொழில்நுட்பக் குழு 1952இல் இவ்வரிசையைத் தரமாக வெளியிட்டது.

இக்கருத்திற்கு முன்னோடி, 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையில் பொறியாளராக இருந்த சார்ல் ரெனார். ஆகாயப் பலூன்களைக் கட்டுவதற்கு 425 அளவுகளில் கயிறுகள் வைத்திருந்தார்களாம். மடங்கு முறையில் அளவுகளைத் தேர்ந்து, அவற்றை 17 ஆக அவர் குறைத்தார் என்பர். களஞ்சியம் பெரிதாகவில்லை, வகைகள் குறைந்தன, இடப் பஞ்சம் தீர்ந்தது.

10 ஓம் முதல் ஒரு கோடி ஓம் வரை ஆறு பதின்படிகள். படிக்குப் பன்னிரண்டாக எழுபத்திரண்டு. கடைசி எண்ணோடு 73 உறைகள். உறை ஒன்று 3 மி.மீ. தடிப்பு என்றால் மொத்தம் 22 செ.மீ. காலணிப் பெட்டியில் இடம் மிஞ்சும். ஆனால், எழுபத்துமூன்றையும் வாங்கத்தான் வேண்டுமா? வேண்டா. 10, 15, 22, 33, 47, 68 என்னும் ஆறு எண்களின் வரிசையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 37 உறைகளோடு முடிந்தது. மிச்சமுள்ள ஆறையும் இரண்டிரண்டைத் தொடராக இணைத்துப் பெறலாம். 10உம் 2.2உம் சேர்ந்தால் 12.2, 15உம் 3.3உம் 18.3, 22உம் 4.7உம் 26.7, 33உம் 6.8உம் 39.8, 47உம் 10உம் 57, 68உம் 15உம் 83. எதிலும் பிழை நூற்றுக்கு இரண்டரையைத் தாண்டவில்லை. நம் வேலைக்கு அது போதும். கணிதம் அறிந்தவனுக்குச் சிறிய பெட்டியே பெரிய கடை.

உறைக்குள் போடுமுன் அளவை உறுதிசெய்ய வேண்டும். வண்ணக்குறிகளை மனப்பாடம் செய்யுங்கள். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு வளையங்கள் உள்ள மின்தடையில் முதல் இரண்டும் எண்கள். மூன்றாவது, சேர்க்கவேண்டிய சுழிகளின் எண்ணிக்கை. நான்காவது, பிழையின் எல்லை. நான்காவது பொன்னிறமாயின் நூற்றுக்கு ஐந்து. வெள்ளி நிறமாயின் பத்து. ஐந்து வளையங்கள் இருப்பின் முதல் மூன்றும் எண்கள் என்று கொள்க. எனினும், இரவு விளக்கில் கறுப்பும் பழுப்பும், சிவப்பும் ஆரஞ்சும் மயக்கும். ஐயம் எழுந்தால் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். என் மாணவன் அந்த நிகழ்ச்சிக்குப்பின் ஒரு நல்ல வழக்கத்தை மேற்கொண்டான். ஒவ்வோர் உறையின் முகப்பிலும், அளந்து பார்த்த ஒரு மின்தடையைப் பசைத்தாளால் ஒட்டிவைத்தான். எடுப்பதும் வைப்பதும் அந்த முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்புதான். நீங்களும் அதைப் பின்பற்றலாம்.

மின்தேக்கிகளில் சிறிய வட்டத் தகடுபோன்றவற்றுக்கு மூன்றிலக்கக் குறி இருக்கும். 104 என்றிருந்தால் 10க்குப் பின் நான்கு சுழிகள். அதாவது 1,00,000 பிக்கோ ஃபாரடு, அல்லது 0.1 மைக்ரோ ஃபாரடு. 103 என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு. இவற்றையும் உறைகளிலேயே வைக்கலாம். உருளை வடிவான மின்பகு மின்தேக்கிகளுக்கு உறை உதவாது. தடுப்புள்ள சிறு டப்பா வேண்டும். அவற்றுக்கு நேர்முனை, எதிர்முனை உண்டு. பக்கத்தில் கோடிட்ட கால் எதிர்முனை. டையோடின் வளையம் உள்ள பக்கமும் எதிர்முனையே. இத்தகைய வேறுபாடுகளை டப்பா மூடியின் உட்புறத்தில் படமாக வரைந்து ஒட்டிவையுங்கள். திறக்கும்போதெல்லாம் பாடம் நடக்கும்.

தொகுப்புச் சுற்றுகளுக்குத் தனிப் பாதுகாப்பு தேவை. நடக்கும்போதும் ஆடை உரசும்போதும் நம் உடலில் நிலைமின்சாரம் ஏறுகிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்கு மேற்பட்டால்தான் நம் விரல் அதை உணரும். சில நுண்சுற்றுகள் அதற்கு மிகக் குறைந்த அழுத்தத்திலேயே பழுதாகிவிடும். நமக்கே தெரியாமல் நாம் அவற்றைக் கெடுத்துவிடலாம். வெண்ணிறத் தெர்மாகோலில் குத்திவைப்பது பலருடைய வழக்கம், அது தவறு. அதுவே மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும். கடையில் கிடைக்கும் கருநிற மின்கடத்துப் பஞ்சில் குத்திவைப்பதே நல்லது. அது கிடைக்காவிடின், சிறு அட்டையின்மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, கால்களெல்லாம் அத்தாளைத் தொடும்படி செருகிவைக்கலாம்.

கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் ஈரக்காற்று பொருள்களின் கால்களை மங்கச்செய்யும். மங்கிய கால்களில் ஈயப்பற்று ஒட்டாது. காலணிப் பெட்டியிலும் மருந்துக் குப்பியிலும் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்களை எறியாமல் டப்பாவுக்கு ஒன்றாகப் போட்டுவையுங்கள். மைதாப் பசையால் ஒட்டிய சீட்டுகளை இராமபாணப் பூச்சி அரித்துவிடும். ஆதலால் பெயரை உறையின்மேலேயே பென்சிலால் எழுதுவது நன்று.

அடுத்து, எதை எங்கே வைப்பது? இங்கேதான் அஞ்சறைப் பெட்டி நமக்கு ஆசான். இடத்தை மூன்று வட்டங்களாகக் கொள்ளுங்கள். முதல் வட்டம், உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டுவது. ஒவ்வொரு நாளும் வேண்டியவை மட்டுமே அங்கே இடம்பெற வேண்டும். 220, 470 ஓம், 1,000, 4,700, 10,000, 1,00,000 ஓம் மின்தடைகள், 0.1 மைக்ரோ ஃபாரடு மின்தேக்கி, பி.சி.547 டிரான்சிஸ்டர், 555 எண்ணுள்ள ஐ.சி., சில விளக்குகள் ஆகியவை ஒரு சிறு தடுப்புப் பெட்டியில் அடங்கிவிடும். இரண்டாம் வட்டம், எழுந்து நின்றால் எட்டும் அலமாரித் தட்டு. உறைப்பெட்டியும் மற்ற டப்பாக்களும் அங்கே இருக்கட்டும். மூன்றாம் வட்டம் கட்டிலுக்கடியிலுள்ள தகரப் பெட்டி. பழைய கருவிகளிலிருந்து கழற்றிய பலகைகளும் மின்மாற்றிகளும் அதற்குரியவை. கனமானது கீழே, இலேசானது மேலே என்பதை மறவாதீர்கள்.

வேலை செய்யும் மேசை இல்லையே என்று வருந்தவேண்டா. விளிம்புள்ள மரத்தட்டு ஒன்றை எடுத்து, அதில் தடித்த அட்டையை விரித்துக்கொள்ளுங்கள். பிரெட்போர்டு, அளவி, இடுக்கி எல்லாம் அதில் அடங்கும். சாப்பாட்டு நேரம் வந்தால் தட்டோடு தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம். நிலத்தில் ஒன்றும் சிந்தாது. வெட்டிய கம்பித்துண்டுகளுக்கென்று மூடியுள்ள சிறு குப்பி ஒன்று அத்தட்டில் எப்போதும் இருக்க வேண்டும்.

சிறிய வீட்டில் நாம் மட்டும் வாழவில்லை. தவழும் குழந்தை இருக்கலாம்; கண் மங்கிய பாட்டி இருக்கலாம். ஆகவே சில எச்சரிக்கைகளைக் கேளுங்கள். மிட்டாய் டப்பாவில் மின்னணுப் பொருள்களைப் போட்டுவைக்காதீர்கள். குழந்தைக்கு அது மிட்டாய் டப்பாதான். காசு போன்ற வட்டமான பொத்தான் மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால், அது உணவுக்குழலில் சிக்கி இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, வலி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டும். அக்கலங்களைத் திருகு மூடியுள்ள குப்பியில், ஒவ்வொன்றையும் தனித்தனியே பசைத்தாள் சுற்றி, உயரத்தில் வையுங்கள். அப்படிச் சுற்றிவைத்தால் அவை ஒன்றையொன்று தொட்டுச் சூடேறுவதும் தடுக்கப்படும். பற்றவைக்கும் கம்பியில் ஈயம் கலந்திருக்கலாம், அது நஞ்சு. சமையற் பாத்திரம் எதையும் அதற்குப் பயன்படுத்தலாகாது. வேலை முடிந்ததும் கைகழுவவேண்டும். வீட்டு மின்சாரத்தில் இயங்கிய கருவிகளிலுள்ள பெரிய மின்தேக்கிகள், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்னேற்றத்தை வைத்திருக்கும். அவற்றை ஆசிரியர் துணையின்றிக் கழற்றாதீர்கள்.

பொருள்கள் இடம் பெற்றபின் அவற்றுக்கு முகவரி தரவேண்டும். டப்பாக்களுக்குக் க, ச, ட என்று எழுத்துகள். உள்ளே உள்ள அறைகளுக்கு எண்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பொருளின் பெயர், முகவரி, எண்ணிக்கை, வாங்கிய நாள் என்று நான்கு பத்திகள் கோடிடுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தின் இருப்புப் பதிவேடும் இத்தகையதே. கடைக்குச் செல்லும்போது அந்த நோட்டும் உடன் செல்லட்டும். சென்னை ரிச்சி தெருவைப் போன்ற கடைத்தெருவில் நுழைந்தவனுக்கு எல்லாமே வேண்டும்போல் தோன்றும். உள்ளதை அறிந்தவனே வேண்டியதை மட்டும் வாங்குவான்.

ஐந்தில் ஓர் அறையையாவது வெறுமையாக விட்டுவையுங்கள். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஒன்று என்பதை, ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்றாக வைத்தார். நம் பெட்டியும் வளர்வதே. இன்று முழுதும் நிரம்பிய பெட்டி, நாளை வாங்கும் முதற் பொருளால் குலைந்துவிடும்.

குலைவுக்கு வேறிரண்டு வழிகளும் உண்டு. ஒன்று, பாதியில் நிற்கும் வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி டப்பா கொடுத்து, அதில் சுற்றுப்படத்தையும், தொடங்கிய நாளையும், அடுத்துச் செய்யவேண்டியதையும் எழுதிய தாளையும் வையுங்கள். அத்தகைய டப்பாக்கள் மூன்றுக்குமேல் வேண்டா. நான்காவது வேலையைத் தொடங்க ஆசை வந்தால், மூன்றில் ஒன்றை முடியுங்கள். அல்லது பிரித்துப் பொருள்களை அவற்றின் அறைகளுக்குத் திருப்பியனுப்புங்கள். மற்றொன்று, இன்னதென்று தெரியாத பொருள்கள். அவற்றுக்கு ஒரே ஒரு சிறு டப்பா போதும். மாதத்தின் கடைசி ஞாயிறன்று அதைக் கொட்டி, அளந்து, எண்ணைப் படித்து, உரிய இடம் சேர்ப்பியுங்கள். மூன்று மாதம் முயன்றும் தெரியாததை நீக்கிவிடுங்கள்.

வேலை நேரத்தில் கடைசிப் பத்து நிமிடங்களை எடுத்துவைப்பதற்கென்றே ஒதுக்குங்கள். களைப்போடும் அவசரத்தோடும் எடுத்துவைக்காதீர்கள். மங்கிய வெளிச்சத்தில் நான் செய்தது உங்களுக்கு நினைவிருக்கட்டும். ஐயமுள்ள பொருளை மறுநாள் காலைக்கென்று தட்டிலேயே விட்டுவைத்தாலும் குற்றமில்லை. தவறான அறையில் போடுவதே குற்றம். வைக்கும்போது ஒருமுறை பார்க்கவேண்டும். எடுக்கும்போது மறுமுறை பார்க்கவேண்டும். முதற்பார்வையில் நான் தவறினேன். இரண்டாம் பார்வையைச் சொல்லித்தந்தவன் அந்தப் பையன்.

கண்காட்சி முடிந்த மறுநாள் மாலை அவன் தன் பெட்டியோடு என்னிடம் வந்தான். இருவரும் வெயில் மறைவதற்குள் அறை அறையாகக் கொட்டி, ஒவ்வொரு மின்தடையாக அளந்து, மீண்டும் அடுக்கினோம். இடம் மாறியிருந்தவை மேலும் இரண்டு கிடைத்தன. அவற்றுள் ஒன்றை நான் போட்டிருக்கலாம். மற்றது அவனுடையதாக இருக்கலாம். யாருடையது என்று நாங்கள் ஆராயவில்லை. உரிய அறையில் போட்டு மூடினோம்.